சிசு வார்டில் இரண்டே சாக்கெட்

அந்த ஆஸ்பத்திரியில் கேபிள் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளுடைய கோபத்தைத் தெரியாதவர்களும் கிடையாது. கட்டடத்தில் கம்ப்யூட்டர், போன், ஸ்கேன் மெஷின் என்று எது எதோடு பேசினாலும், அவள் பொறுப்பில் இருக்கும் ஒயர் வழியாகத்தான் பேசவேண்டும். இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் லேப்டாப் பை, மூக்கு நுனியில் கோபம். அவள் காரிடாரில் வருவதைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் எதையோ காலால் உள்ளே தள்ளிவிட்டு, "வாங்கக்கா, டீ சாப்பிடறீங்களா?" என்று குழைபவர்கள் உண்டு.

பிறவிக் கோபக்காரி என்று அவள் கணவன் சொல்லுவான். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அந்த ஆஸ்பத்திரிதான் அவளுக்குக் கொடுத்தது.

முந்தின வருடம் மீட்டிங் ஹாலில் யாரோ தரையில் கிடந்த ஒரு ஒயரைப் பார்த்திருக்கிறார்கள். காலில் தட்டுகிறதே, ஒழுங்காக இருக்கட்டும் என்று அதன் இரண்டு முனைகளையும் அங்கிருந்த சுவிட்சிலேயே செருகிவிட்டுப் போய்விட்டார்கள். சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. வரிசையாக ஓட்டைகளும் மினுக்கும் பச்சை விளக்குகளும் உள்ள தட்டையான பெட்டி. ஒரு ஓட்டையில் வரும் செய்தியை வாங்கி இன்னொரு ஓட்டை வழியாக உரிய இடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. எல்லாருக்குமான செய்தி என்றால் எல்லா ஓட்டைகளிலும் அனுப்பிவிடும். ஒயர் வட்டமாகிவிட்டால் அனுப்பினதே திரும்ப வரும். வந்ததைப் புதுசு என்று நினைத்து மறுபடியும் எல்லாப் பக்கமும் அனுப்பும். அதுவும் திரும்ப வரும். கண் மூடித் திறப்பதற்குள் ஒரே செய்தி கோடிக்கணக்கில் பெருகி, வேறு எதற்கும் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அப்படித்தான் அடைத்துக்கொண்டது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மருந்து கவுன்டரில் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. எக்ஸ்ரே எடுத்தவர்கள் படத்தைப் பார்க்க முடியாமல் நோயாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேபிள் அக்கா மாடி மாடியாக ஓடி, ஒவ்வொரு சுவிட்சாகப் பிடுங்கிப் பார்த்து, அந்த வட்டத்தைக் கண்டுபிடித்தபோது பகல் பாதிக்கு மேல் போயிருந்தது.

மறுநாள் டைரக்டர் முன்னால் கூட்டம். ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதைத் தடுக்கறதுக்கு ஏதோ பாதுகாப்பு இருக்காமே மேடம். அதை ஏன் நீங்க போடல?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. அந்தப் பாதுகாப்பை எல்லா மாடியிலும் போட அனுமதி கேட்டு அவர் அறைக்கு அவள் எத்தனை தடவை நடந்திருக்கிறாள்! "நல்லா ஓடிட்டிருக்கறதை எதுக்கும்மா நோண்டறீங்க?" என்று திருப்பி அனுப்பியவர் அவர்தான். கூட்டத்தில் அதைச் சொன்னாள். "பழசையெல்லாம் கிளறி என்ன ஆகப்போகுது, இனிமே நடக்கவேண்டியதைப் பார்ப்போம்" என்று அவர் பெரிய மனசோடு சிரித்தார். டைரக்டரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலையே அவள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஆரம்பித்தாள். சுவிட்சுகள் வட்டம் விழாமல் இருக்கத் தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொள்ளும் முறைக்கு ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். எந்தப் பாதை திறந்திருக்கவேண்டும், எது மூடியிருக்கவேண்டும் என்று அவையே முடிவு செய்துகொள்ளும். அந்தப் பேச்சு சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவில்தான் நடக்கவேண்டும். சுவரில் இருக்கும் சாக்கெட் ஒரு கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ உரியது. அங்கிருந்து அந்தப் பேச்சு கேட்டால், யாரோ அங்கே செருகக்கூடாததைச் செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே கார்டு என்ற காவலைப் போட்டிருந்தால், சுவிட்சில் அந்தச் சாக்கெட்டுக்குரிய ஓட்டை, அதாவது போர்ட், அந்த நொடியே தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அந்த ஒரு சாக்கெட் போகும், ஆஸ்பத்திரி பிழைக்கும்.

மாடி மாடியாகக் கார்டைப் போட்டாள். மூடின போர்ட் கொஞ்ச நேரம் கழித்துத் தானே திறக்கும்படியும் வைக்கலாம். அவள் அப்படி வைக்கவில்லை. 'மூடியே கிடக்கட்டும். நான் போய், எவன்னு மூஞ்சியைப் பாத்துக் கேட்டுட்டுத்தான் திறப்பேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சுக்கும் லேப்டாப்பில் கட்டளையைத் தட்டினாள். விசைப்பலகை அன்றைக்குப் பட்ட அடி கொஞ்சமில்லை.

கேட்டாள். நன்றாகவே கேட்டாள். வீட்டிலிருந்து வைஃபை பெட்டி கொண்டுவந்து செருகின எலும்பு டாக்டர், பூச்சாடிக்குப் பின்னால் பழைய சுவிட்சை ஒளித்துவைத்திருந்த வரவேற்பறைப் பெண், யாரும் தப்பவில்லை. "என் ரூம்ல நான் என்ன வேணா செருகுவேன்" என்ற எலும்பு டாக்டரிடம், "அப்ப உங்க நோயாளிக்கு நானே மாவுக்கட்டுப் போட்டுடவா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, அவர் போர்ட்டை மறுநாள்தான் திறந்தாள்.

இந்தக் கதையில் இனி வருபவள் அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. அதே ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் சிசு வார்டின் தலைமை நர்ஸ். ஒரே வீட்டில் கீழே இவர்கள், மேலே அவள். கோபத்தில் இருவரும் சரிக்குச் சரி.

ஒரு மத்தியான நேரம் கேபிள் அக்கா கணக்குப் பிரிவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அங்கே பீரோவுக்குப் பின்னால் ஒரு பெட்டி பிடிபட்டிருந்தது. நடுவில் அவள் போன் அதிர்ந்தது; எங்கே போர்ட் மூடினாலும் அதற்குச் செய்தி வரும். மூன்றாம் மாடி, சிசு வார்டு, இரண்டு போர்ட் மூடிவிட்டன. பார்த்தாள். 'ஓ, அங்கேயுமா? இருக்கட்டும், இவங்களை முடிச்சிட்டுப் போறேன்' என்று போனைப் பையில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கத்தினாள்.

கதவு படாரென்று திறந்தது. நாத்தனார் நின்றாள். மூச்சு இரைத்தது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடிவந்திருந்தாள்.

"உனக்கு அறிவிருக்கா?"

கணக்குப் பிரிவே எழுந்து நின்றது.

"அண்ணி, இங்க வச்சு என்ன..."

"என் வார்டுல பெரிய ஸ்கிரீன் செத்துப்போச்சு. எந்தக் குழந்தை மூச்சு விடுது, எது விடலைன்னு தெரியாம நிக்கறோம். போன் பண்ணலாம்னா அந்தப் போனும் உன் ஒயர்லதான் இருக்கு. எங்க செல்போனெல்லாம் வெளியில லாக்கர்ல. உன்னைத் தேடி நான் எந்த மாடிக்குன்னு ஓடுவேன்? நீ இங்க நின்னு கணக்கு எழுதறவங்களைத் திட்டிட்டிருக்க!"

கேபிள் அக்கா மூன்றாம் மாடிக்கு ஓடினாள்.

சிசு வார்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர். எல்லாம் ஒரு பெரிய திரைக்கு வந்து சேரும். நர்ஸ் ஒரு இடத்தில் உட்கார்ந்தே அத்தனை குழந்தைகளையும் பார்க்கலாம். அந்தத் திரை கருப்பாகக் கிடந்தது. குழந்தைகள் படுத்திருந்த கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் இரண்டு நர்ஸ்கள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மானிட்டர் அலறினால் எது அலறுகிறது என்று தேடவேண்டியிருந்தது. மூலைத் தொட்டியில் உள்ளங்கை அளவு முதுகுள்ள ஒரு குழந்தையை ஒருத்தி விரலால் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். மூச்சு விட மறந்திருக்கிறது. நல்லவேளை, அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். குழந்தை ஒரு விக்கலோடு மறுபடி மூச்சை இழுத்தது. நீலமாக இருந்த உதடு மெல்லச் சிவந்தது.

கேபிள் அக்கா மேஜைக்கு அடியில் குனிந்தாள். அங்கே டேப் போட்டு ஒட்டி ஒரு சின்ன சுவிட்ச். கடைத்தெருவில் கிடைக்கிற, அந்தப் பேச்சைத் தானாகப் பேசத் தெரியாத ரகம்; அதனால்தான் இதுவரை கார்டில் சிக்கவில்லை. அத்தனை மானிட்டரும் போனும் அதில்தான் சேர்ந்திருந்தன. அதிலிருந்து ஒரு ஒயர் சுவரில் ஒரு சாக்கெட்டுக்குப் போயிருந்தது. இன்னொரு ஒயர் பக்கத்து சாக்கெட்டுக்கும் போயிருந்தது. மானிட்டர் கம்பெனியிலிருந்து சற்று முன் சர்வீஸுக்கு வந்தவன், தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டதே என்று செருகிவிட்டுப் போயிருக்கிறான். மறுபடியும் வட்டம்; ஒரு சாக்கெட்டில் போன பேச்சு மற்றதில் திரும்பி வந்திருக்கிறது. கார்டு இல்லாவிட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரி முழுக்கப் போயிருக்கும். கார்டு இருந்ததால் அந்த இரண்டு சாக்கெட்டோடு நின்றது. ஆனால் வார்டில் இருந்ததே அந்த இரண்டு சாக்கெட்தான்.

இரண்டாவது ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, லேப்டாப்பைத் தரையிலேயே வைத்துப் போர்ட்டைத் திறந்தாள். திரை உயிர் பெற்றது. நிமிர்ந்தாள்.

"இந்தப் பெட்டியை யார் வச்சது?"

"நான்தான் வச்சேன்" என்றாள் நாத்தனார், பின்னாலிருந்து. "என்ன பண்ணப்போற? ரெண்டு சாக்கெட்ல இத்தனை மெஷினை எப்படிச் செருகறதாம்? நிர்வாகத்துல கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. அடுத்த கட்டத்துல பாக்கலாம், அடுத்த கட்டத்துல பாக்கலாம்னு அந்தாளு இழுத்துட்டே இருக்கான். குழந்தைங்களும் அடுத்த கட்டத்துல பொறந்துக்கட்டும்னு சொல்லவா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். உங்க வீட்டு டேபிள்ல உக்காந்து சொன்னேன். ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீங்க அண்ணின்னு தட்டை எடுத்துட்டு எழுந்து போனியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. அதாவது நேராக இல்லை; இருவரும் கேபிள் அக்காவின் கணவன் வழியாகப் பேசினார்கள். "ஆஸ்பத்திரியே நின்னிருந்தா அவங்க வார்டும் சேர்ந்துதான் நின்னிருக்கும்னு உங்கக்காகிட்ட சொல்லுங்க." "ஒரு குழந்தை நீலமாப் போனதைப் பாத்தப்புறமும் உன் பொண்டாட்டிக்கு வாய் அடங்கலையான்னு கேளுடா." அவன் மாடிப்படியின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, கடைசியில், "எனக்குக் காது கொஞ்ச நாளா சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். அந்த வாரம் செடிகள் அழுகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தன.

நிர்வாக அதிகாரி கூட்டம் போட்டார். டைரக்டர் வெளியூரில். குழந்தை டாக்டர் வந்திருந்தார். மெதுவாகப் பேசும் வயதான மனிதர். நாத்தனார் அவருக்குப் பக்கத்தில். கேபிள் அக்கா எதிரில்.

"ரெண்டு விஷயம்" என்றார் நிர்வாக அதிகாரி. "ஒண்ணு, நீங்க போட்டிருக்கற அந்த கார்டை எல்லா வார்டுலயும் எடுத்துடுங்க. உயிர் சம்பந்தப்பட்ட இடம், ரிஸ்க் வேண்டாம். ரெண்டு, அனுமதி இல்லாம பெட்டி வச்ச சிஸ்டருக்கு மெமோ குடுத்தாகணும். அந்தப் பெட்டியாலதான் இவ்வளவும்னு நீங்க எழுத்துல குடுத்தீங்கன்னா போதும் மேடம்."

நாத்தனார் நேராக உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். ஒரு வாரமாக மாடிப்படியில் எறிந்துகொண்டிருந்த சண்டையை ஜெயிக்க கேபிள் அக்காவுக்கு ஒரு தலையாட்டல் போதும்.

"எழுதித் தரேன் சார்" என்றாள். "சாக்கெட் கேட்டாங்க, நீங்க தரல. அதனால பெட்டி வச்சாங்கன்னு எழுதித் தரேன். கார்டை எடுக்கச் சொன்னது நீங்கன்னும் எழுதறேன். எடுத்தப்புறம் இதே மாதிரி ஒருத்தன் வந்து ஒயரைச் செருகினா, அந்த வார்டு மட்டும் இல்ல, ஆபரேஷன் தியேட்டர், ஐசியூ எல்லாம் சேர்ந்து போகும். கையெழுத்துப் போடுங்க, எடுத்துடறேன்."

"நீங்க குரலை உயர்த்தாதீங்க."

"உயர்த்தலன்னா உங்களுக்குக் கேக்கறதில்லையே சார்! போன வருஷமும் இதே ரூம்ல இதே பேச்சு. மூடற கதவுக்கும் நான்தான் திட்டு வாங்கணும், மூடாத கதவுக்கும் நான்தான் வாங்கணுமா?"

நாத்தனார் இப்போது திரும்பினாள். நன்றி சொல்வாள் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்தார்கள். "பெட்டி வச்சது நான்தான், அதை நான் மறுக்கல. மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா போர்ட் மூடினா இவ போனுக்கு உடனே சேதி வருமாம். வந்தும் இவ வரல. அதையும் எழுதுங்க. சாக்கெட் தராதது நீங்க. மூணு பேரும் எழுதுவோம்."

"வந்தது தெரிஞ்சும் வரல. அது என் தப்புதான்" என்றாள் கேபிள் அக்கா, மேஜையைப் பார்த்துக்கொண்டு.

குழந்தை டாக்டர் இருமினார். "எழுதறதெல்லாம் எழுதிக்குங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி சாக்கெட் இருந்தா, உன் கார்டும் இருக்கலாம், என் ஸ்கிரீனும் இருக்கலாமா?"

"இருக்கலாம் டாக்டர்."

"அப்ப போடு."

"அடுத்த கட்டத்துல..." என்று நிர்வாக அதிகாரி ஆரம்பித்தார். டாக்டர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. ஒயரும் சாக்கெட்டும் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்தன. இல்லாதது மனசுதான். வார்டுக்குள் துளை போட்டால் தூசி பறக்கும், குழந்தைகளுக்கு ஆகாது. அதனால் காரிடார் பக்கத்திலிருந்து சுவரைக் குடைந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் திரை கட்டி, ஈரத்துணியோடு நாத்தனாரே நின்றாள். சுவரோரத் தொட்டிகளை அந்தப் பக்கம் நகர்த்தியிருந்தாள்.

"மெதுவா! குழந்தைங்க தூங்குது."

"டிரில்லுக்கு அது தெரியுமா அண்ணி?"

"பிடிக்கிறவளுக்குத் தெரியணும்."

நிர்வாக அதிகாரி வந்தார். காரிடாரில் சிமெண்ட் தூளைப் பார்த்தார். "யார் அனுமதி குடுத்தது?" என்று கத்தினார். டாக்டர் கதவை அரை அளவு திறந்து, "நான்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

கடைசிச் சாக்கெட் வேலை செய்ததும் கேபிள் அக்கா அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். இனி ஒவ்வொரு மானிட்டருக்கும் அதனதன் போர்ட். எல்லாவற்றிலும் கார்டு உண்டு. ஒன்று மூடினால் ஒரு மானிட்டரின் தொடர்புதான் போகும், மொத்தத் திரையும் போகாது. தப்பு நீங்கியிருந்தால் சில நிமிஷங்களில் தானே திறந்துகொள்ளவும் வைத்தாள். மூஞ்சியைப் பார்த்துக் கேட்கும் ஆசையை இந்த மாடியில் விட்டுக்கொடுத்தாள்.

"மூடினா எனக்கு யார் சொல்றது? உனக்கு மட்டும் வந்தா போதுமா?" என்றாள் நாத்தனார்.

நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி ஒயரைச் சாராத தனி போன் ஒன்றை வார்டு மேஜையில் வைத்து, மூடின செய்தி அதிலும் அடிக்கும்படி செய்தாள். அடித்துக் காட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வரிசையாக அழுதன. "சத்தத்தைக் குறைடி!" என்று நாத்தனார் கத்திய கத்தல் மணியை விடப் பெரிதாக இருந்தது.

மெமோ வந்தது. நாத்தனாருக்கு இல்லை, கேபிள் அக்காவுக்கு. அனுமதியின்றிச் சுவரைத் துளைத்ததற்கு விளக்கம் கேட்டு. அவள் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வீசினாள். நாத்தனார் அதை எடுத்துப் படித்ததும், "இந்தாளுக்கு எவ்வளவு கொழுப்பு!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனாள். டைரக்டர் வரும்வரை இருவரும் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் விளக்கம் எழுத மாட்டேன் சார். எழுதவேண்டியவங்க எழுதட்டும்" என்றாள் கேபிள் அக்கா உள்ளே போனதும். டைரக்டர் மெமோவைப் படித்தார். மேலும் கீழும் பார்த்தார். "சரி, இது இங்க இருக்கட்டும்" என்று மேஜை டிராயரில் போட்டு மூடினார். கிழித்தும் போடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஏனென்று யாரும் சொல்லவில்லை. எல்லா வார்டிலும் கூடுதல் சாக்கெட் போடும் வேலையை ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தொலைநோக்குக்காக நிர்வாக அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேபிள் அக்கா பின் வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பக்கத்தில் நாத்தனாரும் கையைத் தட்டவில்லை.

மறுநாள் காலையில் போன் அடித்தது. நாத்தனார்தான்.

"நாலாவது மாடி பிரசவ வார்டுல சாக்கெட் எப்ப வரும்னு கேட்டாங்க. இன்னைக்கே நீ வருவேன்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காம யாரு சொல்லச் சொன்னது? எனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கும். முதல்ல இதை முடி."

போனை வைத்துவிட்டாள். கேபிள் அக்கா இருக்கிற கெட்ட வார்த்தையையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஏணியைத் தோளில் ஏற்றினாள். லிஃப்டில் அது நுழையவில்லை. படியில் திட்டிக்கொண்டே ஏறினாள்.